55 பிள்ளைக்கு ஒரே ஆசிரியை! "ர" வராத சிறுவன் காத்திருக்கிறான்

"ராபிட்" என்று சொல்ல வேண்டும். சிறுவனுக்கு "வாபிட்" என்றுதான் வருகிறது. வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. பையன் வாயை மூடிக்கொண்டு விடுகிறான். அப்புறம் டீச்சர் கேள்வி கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறான். பதில் தெரியாமல் இல்லை. வாயைத் திறக்கப் பயம்!

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனி ஆள் உண்டு. "ஸ்பீச் தெரபிஸ்ட்" என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். முதுகலைப் பட்டம் முடித்தவர்கள். உச்சரிப்பு வராத பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, பேச்சே வராமல் பொம்மைப் படத்தைத் தொட்டுக் காட்டும் பிள்ளை, எல்லாம் இவர்கள் பொறுப்பு. சில பள்ளிகளில் சாப்பாட்டை விழுங்கத் திணறும் பிள்ளையையும் இவர்கள்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு நேரம் எங்கே?

சட்டத்தில் ஓட்டை

1975 நவம்பர் 29-ந் தேதி ஜனாதிபதி ஜெரால்டு போர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். குறைபாடு உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பக் கூடாது; அதற்கு ஏற்ற படிப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதுகிறார்கள். எத்தனை நாள், எத்தனை நிமிஷம் பயிற்சி என்று அதில் இருக்கும். எழுதினால் எழுதியதுதான். கொடுக்காவிட்டால் பெற்றோர் விசாரணை கேட்கலாம்.

ஆனால் ஒரு தெரபிஸ்ட் தலையில் எத்தனை பிள்ளையைக் கட்டலாம்? அதை மட்டும் மத்திய சட்டம் சொல்லவே இல்லை. மாநிலங்கள் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டு விட்டார்கள்.

கலிபோர்னியா மாநிலம் ஒரு எண் வைத்திருக்கிறது. சராசரி 55-க்கு மேல் போகக் கூடாது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை மட்டும் பார்ப்பவருக்கு 40. "சராசரி" என்பது பொல்லாத வார்த்தை. ஒருத்தரிடம் 40 பிள்ளை, இன்னொருத்தரிடம் 70 பிள்ளை. சராசரி 55. சட்டப்படி தப்பே இல்லை! போதாக்குறைக்கு, வட்டாரத் திட்டத்தில் காரணம் எழுதி வைத்தால் சராசரியையே உயர்த்திக் கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

55 பிள்ளைக்கும் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி என்று வையுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் 55 மணி நேரம். பள்ளி நடப்பதோ வாரம் 30 மணி நேரம்தான். என்ன செய்வார்? மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறார். அப்படியும் 19 மணி நேரம் ஓடி விடுகிறது. மிச்சம் 11 மணி. சாப்பாட்டு நேரம், விளையாட்டு நேரம், பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட முடியாது. இரண்டு, மூன்று பள்ளிக்கு ஒரே ஆள் என்றால் காரில் போகிற நேரம் வேறு.

இதற்குள் பைல் வேலை. ஒவ்வொரு பிள்ளையின் திட்டத்தையும் வருஷம் ஒரு தடவை பெற்றோரை அழைத்துக் கூட்டம் போட்டுப் பார்த்தாக வேண்டும். 55 கூட்டம்! மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை. அந்த வகையில் வருஷத்துக்கு 18 பிள்ளை. புதிதாக வரும் பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் கொடுத்த 60 நாளுக்குள் பரிசோதனை முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் அறிக்கை. அதை எழுதுவது எப்போது? வீட்டில், ராத்திரி.

தலையை எண்ணாதே, வேலையை எண்ணு!

"ர" மட்டும் வராத பையனும் கணக்கில் ஒன்று. கருவி வைத்துப் பேசும் பிள்ளையும் ஒன்று. முதல் பையனுக்குச் சில நிமிஷப் பயிற்சி போதும். இரண்டாவது பிள்ளைக்குக் கருவியில் சொற்களை ஏற்ற வேண்டும், வகுப்பு டீச்சருக்குக் கற்றுத்தர வேண்டும், தாய்க்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டும் ஒன்றா?

இதைத்தான் 2002-ல் அமெரிக்கத் தெரபிஸ்டுகளின் சங்கமான "ஆஷா" எடுத்துச் சொன்னது. பிள்ளை எண்ணிக்கையை விடுங்கள், மொத்த வேலையை அளந்து ஆள் போடுங்கள் என்றது. அதற்கு ஏற்ற ஒரு முறை "மூன்றுக்கு ஒன்று". மூன்று வாரம் பயிற்சி. நாலாவது வாரம் கூட்டம், பரிசோதனை, டீச்சர்களோடு பேச்சு. ஆனால் திட்டத்தில் "வாரம் 60 நிமிஷம்" என்று எழுதி விட்டால் நாலாவது வாரமும் ஓட வேண்டியதுதான். "மாதம் இத்தனை நிமிஷம்" என்று எழுதினால்தான் பிழைக்கலாம். ஒரு வார்த்தையில் இருக்கிறது சூட்சுமம்!

வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ்

கலிபோர்னியாவில் நம்மூர்க் குடும்பங்களும் நிறைய. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை இங்கிலீஷில் "வி"யையும் "டபிள்யூ"வையும் ஒரே மாதிரி சொல்லும். அது குறையா? குறை அல்ல, பழக்கம். இங்கிலீஷ் சரியாக வராததையே காரணமாக வைத்துக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முடிந்த வரை தாய்மொழியில் சோதிக்கவும் சொல்கிறது. அதற்குத் தாயிடம் விசாரிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பிடிக்க வேண்டும். 55 பிள்ளை வைத்திருப்பவர் அவசரத்தில் முத்திரை குத்தினாலும் ஆபத்து. நிஜக் குறையைப் "போகப் போகச் சரியாகும்" என்று விட்டாலும் ஆபத்து.

பணம் எங்கே?

1975-லேயே மத்திய அரசு ஒரு வாக்குக் கொடுத்தது. இந்தப் பிள்ளைகளுக்காக ஆகும் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்றது. ஒரு வருஷம் கூட அந்த அளவை எட்டவில்லை. மிச்சம் மாநிலத்தின் தலையிலும் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் தலையிலும் விழுகிறது. உதவியாளர் போட்டுச் சமாளிக்கிறார்கள். அவர் பயிற்சி கொடுக்கலாம்; குறை இன்னதென்று முடிவு கட்ட அதிகாரம் இல்லை. அந்தப் பைல் திரும்பவும் அதே மேஜைக்குத்தான் வருகிறது.

தாங்க முடியாமல் ஒருவர் ராஜினாமா செய்தால்? அவருடைய பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளித் தெரபிஸ்டுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். 55 பிள்ளை 65 ஆகிறது. அடுத்த ராஜினாமாவுக்கு அதுவே வழி.

"வாபிட்" பையனுக்குச் செவ்வாய்க்கிழமை முறை. அன்று இன்னொரு பிள்ளையின் பெற்றோர் கூட்டம் ஒரு மணி நேரம் இழுத்தால் போச்சு. அவன் கதவு வரை வந்து விட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்த முறை வியாழக்கிழமை.