போனஸ் காசுல ஸ்பீக்கரா? ஆம்ப் விலையையும் சேர்த்துப் பாருங்க

திருப்பூர்ல தீபாவளி போனஸ் வந்தாச்சு, புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கணும்ங்கிறீங்களா? விலை கம்மின்னு பாஸிவ் ஜோடியைத் தூக்கிடாதீங்க. ஆம்ப்ளிஃபயர், ஒயர் எல்லாம் தனிச் செலவு.

எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஆக்டிவ் ஜோடியில் ஆம்ப் உள்ளேயே இருக்கு. 42 வாட்ஸ், 4 இன்ச் வூஃபர். வாடகை வீட்டு ஒற்றை அறைக்குத் தாராளம் (பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறவர்னா, அதுவே ஜாஸ்தி!). ப்ளூடூத் மட்டும் கிடையாது. போன்ல பாட்டு கேட்கிறவங்க கொஞ்சம் கூடக் கொடுத்து ஆர்1280டிபி எடுக்கலாம். டிவிக்கு ஆப்டிகலும் அதில் உண்டு.

கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட்' இஎம்ஐயில் வட்டியைக் கழிச்சாலும், அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டி நம்ம தலையில்தான். ப்ராசஸிங் ஃபீஸ் வேற. கார்டில் பழைய பாக்கி இருக்கா? போனஸை அங்கே கட்டுங்க, ஸ்பீக்கர் பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்.