கூர்ட்டா வாங்குமுன் கைப்பிடியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்

மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு உருளை, உச்சியில் ஒரு சின்னக் கைப்பிடி. பக்கவாட்டு நெம்புகளை நகர்த்தி எண்ணை வைத்து, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கூட்டல். கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துவிட்டுச் சுற்றினால் கழித்தல். கூர்ட்டா என்ற இந்தக் கணக்கு இயந்திரம் இன்று நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிக்கூடப் போகிறது. இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பணம் என்றால் ஏமாற்றவும் ஆள் வருவான். பணம் போவதோ பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றிய அறியாமையால் அல்ல. பணம் கட்டும் முன் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதைக் கேட்காததால்தான்.

விற்பனை விளம்பரங்களில் தவறாமல் ஒரு கதை வரும். வியன்னாவைச் சேர்ந்த கூர்ட் ஹெர்ட்ஸ்டார்க்கை நாஜிகள் 1943-இல் கைது செய்து புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைத்தார்கள். தன் மனத்தில் இருந்த இயந்திரத்தின் வரைபடங்களை அங்கேயே அவர் வரைந்து முடித்தார். போருக்குப் பின் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் கான்டினா நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. அத்தனையும் உண்மை. ஆனால் 1970-களின் தொடக்கம்வரை அங்கிருந்து வெளிவந்த ஏறத்தாழ 1,40,000 இயந்திரங்களுக்கும் அதே கதைதான். ஆகவே கதைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ‘மிக அரிய பொருள்’ என்ற வரியையும் இந்த எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள்.

விலையைத் தீர்மானிப்பவை வேறு. முதல் வகை கூர்ட்டாவில் 8 நெம்புகள், 11 இலக்க விடை. 1954-இல் வந்த இரண்டாம் வகையில் 11 நெம்புகள், 15 இலக்க விடை. அடிப்பாகத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். இரண்டாம் வகையின் எண்கள் 5 லட்சத்துக்கு மேல் தொடங்குபவை. படத்தில் உள்ள எண்ணும் விளம்பரத்தில் சொன்ன வகையும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நெம்புகள் குண்டூசித் தலைபோல் இருக்கும் தொடக்ககால இயந்திரங்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். உலோக டப்பா, கையேடு, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்திருந்தால் விலை ஏறும். (உலோக டப்பாவின் மரை வழக்கத்துக்கு நேர்மாறு. ‘திறக்கவே இல்லை’ என்று இடுக்கி வைத்து நசுக்கிவிடாதீர்கள்.)

‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று விற்பவர் எழுதியிருந்தால், சோதித்தார், ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இயந்திரத்தைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, ஒன்றின் இடத்து நெம்பில் மட்டும் 1 வைத்து, கழித்தல் நிலையில் ஒரு சுற்று. விடைக் கட்டங்கள் அனைத்திலும் 9 வர வேண்டும். பிறகு கூட்டல் நிலையில் ஒரு சுற்று. அத்தனை ஒன்பதும் பூஜ்யமாக மாற வேண்டும். நடுவில் ஒரு இலக்கம் நின்றுவிட்டால், பத்தை அடுத்த இடத்துக்குக் கடத்தும் உறுப்பில் கோளாறு. இதை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே வீடியோவில் வரிசை எண்ணும், அன்றைய தேதி எழுதிய தாளும் தெரிய வேண்டும். போலி கூர்ட்டா செய்வது கடினம்; அடுத்தவர் போட்ட படத்தைத் திருடுவது சுலபம். பூஜ்யமாக்கும் வளையம் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்து வருவதில் அதுவே முன்னணி. கைப்பிடி இறுகியிருந்தால் பலம் போடவோ உள்ளே எண்ணெய் தெளிக்கவோ கூடாது. ஏறத்தாழ 600 உறுப்புகளைப் பிரித்துவிட்டு மறுபடி கோக்கத் தெரியாமல் பொட்டலமாக விற்பவர்களும் உண்டு.

சந்தை விலை என்ன என்று பார்க்க, கேட்கும் விலையை நம்பாமல் விற்றுமுடிந்த விலையைத் தேடுங்கள். ஏல நிறுவனத்தில் எடுத்தால், ஏலம் முடிந்த ‘சுத்தியல் விலை’யோடு கதை முடியாது. வாங்குபவர் கட்டணம், வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து தொகையைக் கணிசமாக ஏற்றிவிடும்; பொருளையும் ‘இருக்கும் நிலையில்’ என்றுதான் தருவார்கள்.

ஈபே போன்ற தளத்தில் வாங்கினால், விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லாதபோது, கிடைத்த 30 நாளுக்குள் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்பவர் ‘திருப்பி எடுக்க மாட்டேன்’ என்று போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. பேபாலில் கட்டியிருந்தால் 180 நாள்வரை தகராறு எழுப்பலாம். ‘கமிஷன் மிச்சம், தளத்துக்கு வெளியே அனுப்புங்கள்’ என்று விற்பவர் சொல்வது இந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடத்தான். இன்னொரு ஓட்டை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள மச்சான் முகவரிக்கு வரவழைத்து, அவர் ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்கிறோம். அந்த 30 நாள் அவர் வீட்டில் பார்சல் இறங்கியதுமே ஓடத் தொடங்கிவிடும். பிரிக்காமல் அலமாரியில் வைத்தால் உரிமை அங்கேயே காலாவதி.

நேரடியாக இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கத்தை மறக்கக்கூடாது. ‘பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்’ என்பார் விற்பவர். தபாலிலும் கூரியரிலும் வரிவிலக்கோடு பரிசுப் பொருள் இறக்குவதை 2019 டிசம்பரில் அரசு நிறுத்திவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. பொய்யான விலை எழுதினால் அபராதம், பறிமுதல்வரை போகலாம். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாடும் உண்டு. எனவே ஆர்டர் போடும் முன்பே கூரியர் நிறுவனத்திடமோ சுங்க முகவரிடமோ கேட்டுவிடுங்கள். தொல்பொருள் சட்டத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக நூறாண்டுகள் கடந்த பொருளைப் பற்றியது. கூர்ட்டாவுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.

விற்கும் பக்கத்திலும் ஆபத்து உண்டு. கூர்ட்டா நம் ஊரில் அபூர்வம் என்றாலும், கல்லூரிப் புள்ளியியல் துறைகளில் சுழன்ற ஃபேசிட் கணக்கு இயந்திரங்கள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஓஎல்எக்ஸில் போட்டதும், ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்று ஒருவர் வருவார். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. அதன்பின் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

நுகர்வோர் சட்டம் எல்லா இடத்துக்கும் கைகொடுக்காது. பழசை ஒருமுறை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல. அவர்மேல் மோசடிப் புகார் அல்லது சிவில் வழக்குதான் வழி. கடை வைத்து விற்பவர், கூலி வாங்கிப் பழுது பார்ப்பவர் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பழுதுக்குக் கொடுக்கும்போது வரிசை எண், ஓடும் நிலை, உடன் கொடுத்த டப்பா எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்பி வரும்போது ஒரு பற்சக்கரம் குறைந்தால் ஆணையத்தின் முன் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ரசீதுதான்.