சுருள்மயிரில் சிக்கவிழ்க்கும் முறைமை: விரலும் சீப்பும்

சகாராவுக்குத் தெற்கே வாழும் ஆப்பிரிக்க மக்களுக்கும், அவர்தம் வழித்தோன்றல்களாய் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் ஐரோப்பாவிலும் வாழ்வோருக்கும் இயல்பாய் அமைந்தது இறுகச் சுருண்ட தலைமயிர். அது நீள வளராது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. அளவீடுகளோ வேறு கூறுகின்றன. அம்மயிர் நாளொன்றுக்குக் கால் மில்லிமீட்டர் அளவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 9 செண்டிமீட்டர் வளர்கிறது. வளர்ந்த அளவே நுனியில் ஒடிந்துபோனால் நீளம் நின்ற இடத்திலேயே நிற்கும். தென்னாப்பிரிக்கத் தோல்மருத்துவ அறிஞர் நொன்லான்லா குமாலோவும் உடனாய்வாளரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நுண்ணோக்கி ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அவர்கள் கண்ட ஆப்பிரிக்க மயிர்நுனிகளுள் பெரும்பாலானவை முறிந்திருந்தன; 10 முதல் 16 விழுக்காட்டு இழைகளில் முடிச்சுகள் இருந்தன. ஒப்பிட்டு நோக்கிய பிற மக்களின் மயிரில் முடிச்சு 0.15 விழுக்காடே. ஆகவே இம்மயிரின் நீளம், சிக்கெடுக்கும் கையைச் சார்ந்தது. விரலால் கோதுவதா, சீப்பால் வாருவதா என்னும் அன்றாட வினாவுக்கு இயற்பியலில் விடை தேடுதல் தகும்.

சிக்கின் தோற்றுவாய் தோலுக்கடியில் உள்ளது. மயிர்க்கால் வளைந்திருப்பதால் அதிலிருந்து எழும் இழையும் வளைந்தே வெளிப்படுகிறது. அதன் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். திரும்பும் இடந்தோறும் முறுக்கேறும். வளைவும் முறுக்கும் கூடும் அவ்விடங்களிலேயே இழை வலுக்குன்றியிருக்கும். இழையை மூடிய நுண்செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்தவை; ஆதலால் எதிர்த்திசையில் தேய்க்கும்போது உராய்வு மிகுகிறது. தலையிலிருந்து நாள்தோறும் 50 முதல் 100 இழைகள் உதிர்வதும் இயல்பு. நேர்மயிரில் அவை வழுக்கி விழும். சுருள்மயிரிலோ, உதிர்ந்த இழை அண்டைச் சுருள்களுக்குள் மாட்டி நின்று அவற்றைச் சுற்றிப் பிணிக்கிறது. ஏழு நாள் தொடாமல் விட்டால் இத்தகைய இழைகள் நூற்றுக்கணக்கில் தலையிலேயே தங்கும்.

இச்சிக்கினுள் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஒரே வீச்சாய் இழுத்தால் நிகழ்வது யாது? தளர்ந்த கண்ணிகள் பற்களுக்கு முன்னே தள்ளப்பட்டு, நுனியருகே இறுகிய திரளாகின்றன. ஓர் இழை மற்றோர் இழையைச் சுற்றி நிற்கும்போது இழுவிசை ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்குமுறையில் பெருகுகிறது. துறையில் நட்ட தூணைச் சுற்றிய வடத்தின் ஒரு முனையை ஒருவர் பிடித்திருக்க, மறுமுனையில் பெரும்படகு அசையாது நிற்பதும் இவ்விதியால்தான். இதற்குக் கணக்கு வகுத்தவர் கணித அறிஞர் ஆய்லர். உராய்வுக் கெழு 0.2 எனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு இழுவிசை மூன்றரை மடங்காகும். இரு சுற்றுக்கு 12 மடங்கு. சீப்பின் பல் இப்பெருக்கத்தை அறியாது, கை கொடுக்கும் விசையை மாட்டிய சில இழைகள்மேல் ஏற்றுகிறது. அவை முறுக்குள்ள இடத்தில் ஒடிகின்றன.

விரலின் மேன்மை இருவகைத்து. முதலாவது உணர்வு: விரல்நுனியில் செறிந்த தொடுவுணர் நரம்புமுனைகள், முடிச்சின் இடத்தையும் இறுக்கத்தையும் இழை ஒடியுமுன்னரே அறிவிக்கின்றன. இரண்டாவது திசை: சீப்பு இழையின் நெடுகே இழுக்கிறது, விரல்கள் முடிச்சைப் பக்கவாட்டில் விரிக்க வல்லவை. கண்ணி அகல, இழைகள் ஒன்றையொன்று தழுவும் கோணம் குறைகிறது; கோணம் குறைய, மேற்சொன்ன பெருக்கமும் தாழ்கிறது.

ஆயினும் விரலுக்கும் எல்லை உண்டு. மயிரிழையின் பருமன் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. உதிர்ந்த இழைகள் பல விரலிடுக்கில் நழுவி எஞ்சும். எஞ்சியவற்றால் புதுச்சிக்கு பிறக்கும். அவற்றை ஒழுங்காய் வெளிக்கொணரச் சீப்பே தக்கது. சீப்பு ஆப்பிரிக்க மரபுக்குத் தொன்மையான கருவியும் ஆகும்: கேம்பிரிட்சின் பிட்சுவில்லியம் அருங்காட்சியகம் 2013-இல் நடத்திய கண்காட்சி, ஆப்பிரிக்கச் சீப்பின் 6,000 ஆண்டு வரலாற்றைக் காட்டிற்று. அகன்ற இடைவெளியுள்ள பற்களே சுருள்மயிருக்கு ஏற்றவை. பல்லின் ஓரத்தையும் தடவிப் பார்த்தல் வேண்டும்; அச்சில் வார்த்த நெகிழிச் சீப்பில் எஞ்சும் கூரிய விளிம்பு செதில்களைச் சுரண்டும்.

எதனால் தொடங்குவது என்பதினும் எங்குத் தொடங்குவது என்பது முதன்மையானது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தும் இலட்சுமிநாராயணன் மகாதேவனும் குழுவினரும், ஒன்றையொன்று சுற்றிய இரு சுருளிழைகளை ஒற்றைப் பல்லால் பிரிக்கும் ஆய்வை 2022-இல் வெளியிட்டனர். பிணைந்த சுற்றுகள் கட்டற்ற நுனிவழியே வெளியேற வேண்டும். நுனியருகே தொடங்கிக் குறுகிய வீச்சுகளால் படிப்படியாய் வேர்நோக்கி ஏறினால் அவை எளிதில் வெளியேறுகின்றன. நீண்ட வீச்சு அவற்றை நெருக்கி அடைக்கிறது. விரலுக்கும் சீப்புக்கும் இவ்விதி பொது.

நீரின் பங்கும் இங்குப் பெரிது. நனைந்த இழையில் கெரட்டின் புரதத் தொடர்களிடையே உள்ள நீரகப் பிணைப்புகள் நெகிழ்கின்றன. இழை ஏறத்தாழ 15 விழுக்காடு பருத்து, எளிதில் நீள்கிறது. நேர்மயிரில் ஈரம் வாரும் விசையைக் கூட்டும். சுருள்மயிரில் சுருள் தளர்வதால் அவ்விசை குறையும். ஆதலால் உலர்ந்தபின் வாருக என நேர்மயிருக்குச் சொல்லும் அறிவுரை இதற்குப் பொருந்தாது. எனினும் நனைந்த இழை வலுவில் தாழ்ந்தது. அதற்கு வழுவழுப்பின் துணை வேண்டும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டமுள்ள செதிற்பரப்பில் படிந்து உராய்வைத் தணிக்கின்றன. தேங்காயெண்ணெய் இழைக்குள் புகுந்து, கழுவும்போது நேரும் புரத இழப்பைக் குறைக்கிறது. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்பதை ரெலே, மொகிலே ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர்.

இவற்றால் பெறப்படும் முறைமை இது: மயிரைப் பகுதி பகுதியாய்ப் பிரித்து நனைத்து வழுவழுப்பாக்குக, விரலால் முடிச்சுகளைத் தேடி விரித்துத் தளர்த்துக, பின்னர் அகன்ற பற்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி வாருக. ஒற்றை இழை தன்மேல் தானே இட்ட முடிச்சு இரண்டுக்கும் அவிழாது; அதனைக் கத்தரியால் முடிச்சுக்குச் சற்று மேலே வெட்டிவிடுதலே நன்று. முறை சரிதானா என்பதைக் கையில் திரண்ட மயிரே சொல்லும். ஒரு முனையில் வெண்ணிறக் குமிழுடைய நீண்ட இழைகள் இயல்பாய் உதிர்ந்தவை. குமிழற்ற குறுந்துண்டுகள் மிகுந்திருப்பின் அவை கருவியால் ஒடிந்தவை. விசையைக் குறைத்து, மீண்டும் விரலுக்குத் திரும்புக.