வெனிஸ் வணிகர்

ரூ பெர்தொனேயில் சாமான் வாங்கிக்கொண்டு லா சப்பல் மெற்றோப் பக்கம் நடந்தால், சில நிமிடங்களில் ஒரு பழைய நாடக அரங்கு வரும். அதன் பெயர் பூஃப் து நோர். அது 1876இல் கட்டப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 1974இல் பீட்டர் புரூக் என்ற இயக்குநர் அதை மீண்டும் திறந்தார். அப்போது முதலில் நடந்தது ஷேக்ஸ்பியரின் நாடகம்.

ஷேக்ஸ்பியர் 400 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவரைச் 'செகசிற்பியார்' என்று அழைத்தார். அவருடைய நாடகம் ஒன்றைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்ற பெயரில் தமிழில் எழுதினார். அதன் கதையைப் பார்ப்போமா?

வெனிஸ் நகரத்தில் அன்ரோனியோ என்ற வணிகர் இருந்தார். அவருடைய நண்பர் பசானியோவுக்குப் பணம் தேவைப்பட்டது. அன்ரோனியோவின் செல்வம் முழுவதும் கடலில் போன கப்பல்களில் இருந்தது. அதனால் அவர் ஷைலொக் என்ற யூதரிடம் 3000 பொற்காசு கடன் கேட்டார்.

முன்பு இதே அன்ரோனியோ ஷைலொக்கை "நாய்" என்று ஏசியிருந்தார். அவர்மேல் துப்பியும் இருந்தார். ஷைலொக் அதை மறக்கவில்லை. "வட்டி வேண்டாம். 3 மாதத்தில் பணம் வராவிட்டால், உங்கள் உடம்பில் ஒரு இறாத்தல் சதையை வெட்டி எடுப்பேன்" என்றார். அன்ரோனியோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

கப்பல்கள் வரவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பசானியோவின் மனைவி போர்ஷியா, ஆண் வேடம் போட்டு, சட்டம் படித்தவர் போல அங்கே வந்தார். "இரக்கம் காட்டுங்கள்" என்று ஷைலொக்கிடம் கேட்டார். ஷைலொக் மறுத்தார்.

"சரி, சதையை வெட்டுங்கள். ஆனால் பத்திரத்தில் இரத்தம் என்று எழுதவில்லை. ஒரு துளி இரத்தமும் சிந்தக்கூடாது!" என்றார் போர்ஷியா.

அன்ரோனியோ தப்பினார். ஷைலொக் தோற்றார். அவருடைய சொத்தில் பாதி கையை விட்டுப் போனது. அது மட்டுமல்ல, அவர் தன் சமயத்தை விட்டுக் கிறிஸ்தவராக மாறவேண்டும் என்றும் கட்டாயப்படுத்தினார்கள். இரக்கம் காட்டச் சொன்னவர்கள், அவருக்கு எவ்வளவு இரக்கம் காட்டினார்கள்?

இதை நகைச்சுவை நாடகம் என்பார்கள். முன்பு பலர் ஷைலொக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் தானும் எல்லோரையும் போல நோவு தெரிந்த மனிதன்தான் என்று ஷைலொக் ஓரிடத்தில் சொல்கிறார். அதைக் கேட்டால் சிரிப்பு வராது.

"அம்மம்மா, வட்டி எண்டா என்ன?"

"நான் உனக்குப் பத்து யூரோ கடன் தாறன். நீ திருப்பித் தரேக்க பதினொரு யூரோ தரவேணும். அந்த மேலதிக ஒரு யூரோதான் வட்டி."

"அப்ப ஏன் யூதர் வட்டிக்குக் குடுத்தவை?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்தது. யூதர்களுக்கோ பல தொழில்களைச் செய்ய அனுமதி இல்லை. 1516 முதல் வெனிஸ் யூதர்கள் கெற்றோ என்ற பகுதியில்தான் வாழவேண்டும். இரவில் அதன் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அதனால் சிலர் கடன் கொடுக்கும் தொழிலைச் செய்தார்கள். பிறகு, "யூதர் எல்லோரும் வட்டிக்காரர்" என்று ஊர் பழித்தது.

அந்தப் பழி நாடகத்தோடு முடியவில்லை. பாரிஸில் பல பள்ளிக்கூடச் சுவர்களில் ஒரு நினைவுக்கல்லைக் காணலாம். 1942 முதல் 1944 வரை, யூதர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் நினைவாக அது வைக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை.

"ஆனா அம்மம்மா, ஷைலொக் கேட்டதும் பிழைதானே?"

"ஓம், பிழைதான். அவருக்குச் செய்ததும் பிழை. ஒரு ஆள் பிழை விட்டா அந்த ஆளைத்தான் கேக்கவேணும். அவற்றை சனம் முழுக்கக் கூடாது எண்டு சொல்லப்படாது."

சொல் விளக்கம்
இறாத்தல் – பழைய நிறை அளவு; ஏறக்குறைய 450 கிராம்
பத்திரம் – கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள்
ஏசுதல் – திட்டுதல்

யோசித்துச் சொல்லுங்கள்
1. ஷைலொக் ஏன் இரக்கம் காட்ட மறுத்தார்?
2. நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?
3. உங்கள் பள்ளிக்கூடச் சுவரில் நினைவுக்கல் இருக்கிறதா? வீட்டில் சொல்லுங்கள்.