வற்றாளை வண்டும் கவர்பொறியும்

பொரளைச் சந்தையில் வற்றாளை வாங்கும் இல்லத்தரசி கிழங்கைப் புரட்டிப் பார்த்தே எடுக்கின்றாள். தோலில் ஊசி குத்தினாற்போன்ற துளைகள் காணப்படின் அக்கிழங்கு விலைபோவதில்லை. அவள் செய்வது சரியே. புழு சிறிதளவே குடைந்திருப்பினும், கிழங்கு தன்னைக் காத்தற்பொருட்டுச் சுரக்கும் பொருள்களால் கசப்பேறிவிடுகின்றது. அவித்தாலும் அக்கசப்பு நீங்குவதில்லை. நட்டமோ கமக்காரருக்கு.

இச்சேதத்தை விளைப்பது நீள்மூஞ்சி வண்டாகும். 1798இல் பப்ரீசியஸ் என்னும் டென்மார்க்கு அறிஞர், தரங்கம்பாடியிற் பெறப்பட்ட வண்டைக்கொண்டே இதற்குப் பெயரிட்டார். ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளமும், கருநீல இறக்கையும், செந்நிறக் கழுத்தும் கால்களும் உடைய இதனை எறும்பென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். பெண்வண்டு கொடியின் அடித்தண்டிலும் கிழங்கிலும் குழிசெய்து முட்டையிடும். புழு உள்ளேயே வளர்வதால், இலைமேல் தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. எனவே வண்டையே வரவழைத்துப் பிடித்தல் வேண்டும்.

பெண்வண்டு ஆணை அழைக்கும் மணத்தின் இரசாயன அமைப்பு 1986இல் அமெரிக்க ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. பெரமோன் எனப்படும் இப்பொருளைச் செயற்கையாகச் செய்து, சிறு இறப்பர்த் துண்டில் ஏற்றிப் பயன்படுத்துகின்றனர். பக்கங்களில் துளையிட்ட பிளாத்திக்குப் போத்தலில் சவர்க்கார நீர் வார்த்து, நீரிற் படாதவாறு இறப்பர்த் துண்டை மூடியிலிருந்து தொங்கவிட்டால் பொறி ஆயத்தமாகும். அதனைக் கொடிமட்டத்திற்குச் சற்று மேலே கம்பில் கட்டிவைக்க வேண்டும். இரவிலேயே ஆண்வண்டுகள் மிகுதியாக வந்து விழும்.

காலையிற் பொறி நிறைந்திருக்கக் கண்டு மகிழ்ந்திருத்தல் போதாது. விழுந்தவை யாவும் ஆண்களே. எஞ்சிய சில ஆண்கள் பல பெண்களுடன் கூடிவிடும். அயல் தோட்டத்திலிருந்தும் வண்டுகள் வரும். ஜப்பானின் குமே தீவில், மருந்து கலந்த கவர்பொருளால் ஆண்களைக் குறைத்தபின், கதிரியக்கத்தால் மலடாக்கிய வண்டுகளையும் விடுத்தே 2013இல் இப்பீடையை அடியோடு ஒழித்தனர். அதுவும் கடல்சூழ்ந்த சிறு தீவாதலால் இயன்றது.

பெரமோன் கிடையாதவிடத்து வற்றாளைத் துண்டுகளே இரையாக உதவும். நட்ட 50ஆம் நாள் முதல் 80ஆம் நாள் வரை, 10 நாட்களுக்கொருமுறை, 100 கிராம் அளவான துண்டுகளை 5 மீற்றர் இடைவெளியில் வைக்கும் முறை கேரளத்தில் உண்டு. இதில் பெண்வண்டும் அகப்படும். துண்டுகளை வண்டுகளுடன் எடுத்து அழித்தல் அவசியம். மறந்துவிட்டால் அவையே வண்டு பெருகும் இடமாகிவிடும்.

இவ்வண்டு மண்ணைத் தோண்டி உட்செல்ல வல்லதன்று. வெடிப்பின் வழியாகவே கிழங்கை அடையும். ஆகவே வரம்புகளுக்கு மண்ணணைத்தும், நீர்பாய்ச்சியும் வெடிப்பை மூடாத தோட்டத்திற் பொறி எத்தனை வைத்தும் பயன் சொற்பமே. நடுவதற்குக் கொடியின் நுனித்துண்டுகளையே எடுத்தல் நன்று. அறுவடையைத் தாமதியாது முடித்து, எஞ்சிய கிழங்குகளையும் தண்டுகளையும் பொறுக்கி அழித்தல் வேண்டும். கடற்கரை மணலிற் படரும் அடம்பன் கொடியிலும் இவ்வண்டு வாழுமாதலின், கரையோரத் தோட்டக்காரர் வேலியோரத்தையும் பார்வையிடுதல் வேண்டும்.