மலையேறும் கைக்கு எந்தக் கடிகாரம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கல்யாண் ரயில் நிலையத்தில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முதுகில் பை, காலில் கெட்டியான ஷூ, தோளில் மழைக்கோட்டு. கசாரா வண்டிக்கும் கர்ஜத் வண்டிக்கும் காத்து நிற்கும் இளைஞர் கூட்டம் அது. மழைக்காலம் பிறந்துவிட்டால் சஹ்யாத்ரி மலைக் கோட்டைகளை நோக்கி மும்பை நகரமே புறப்பட்டு விடுகிறதோ என்று தோன்றும். அந்தக் கூட்டத்தில் இப்போது தமிழ்ப் பேச்சும் காதில் விழுகிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழ்ந்து, ஆறு நாள் பட்டறையிலும் அலுவலகத்திலும் உழைக்கிற நம்மவர்கள், ஏழாம் நாள் கொஞ்சம் நல்ல காற்றைத் தேடிப் போவதில் வியப்பென்ன?

சென்ற மழைக்காலத்தில் அப்படிப் போனவர்களில் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவரும் இருந்தார். லோனாவாலாவில் இறங்கி ராஜ்மாச்சி கோட்டைக்கு நடந்து, மறுபக்கம் கொண்டாணே குகை வழியாகக் கர்ஜத்தில் இறங்குவது என்று நண்பர் ஒருவருடன் திட்டம். கையில் போனஸ் பணத்தில் வாங்கிய கடிகாரம். தடித்த வார், கறுப்பு டயல், சுற்றிலும் நாலைந்து பொத்தான்கள். பார்த்தால் பட்டாளத்துக்காரர் கடிகாரம் போலவே இருக்கும்.

நண்பகலுக்குள் அதன் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. பிறகு எண்களே தெரியவில்லை. நண்பரின் கைத்தொலைபேசியோ படம் பிடித்தே சார்ஜ் தீர்ந்து கிடந்தது. மூடுபனியில் சூரியனும் கண்ணில் படவில்லை. பொழுது நிறைய இருப்பதாக நினைத்துக் கோட்டையில் தங்கியவர்கள், காட்டுப் பாதையில் பாதி இறங்கும்போதே இருட்டி விட்டது. தட்டுத் தடுமாறிக் கர்ஜத் வந்து சேர்ந்தபோது கடைசி வண்டி போய்விட்டது. மேடையிலேயே இரவு கழிந்தது. திங்கட்கிழமை அரைநாள் சம்பளம் பிடித்தம். ‘கால் முறியாமல் வந்தோமே, அதுவே பெரிது’ என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் அதைத் தாராவியில் கடிகாரம் பழுது பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனார்.

“அண்ணாச்சி, தண்ணி புகாதுன்னு சொல்லித்தானே வித்தான்?”

பெரியவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இதுக்கு எங்கேயாவது பாட்டரி மாத்தினியா?”

“ஆமா, நடைபாதையிலே. அஞ்சு நிமிஷத்திலே போட்டுக் கொடுத்துட்டான்.”

“அந்த அஞ்சு நிமிஷத்திலே உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை நசுக்கிட்டான். கடிகாரத்திலே குத்தம் கொஞ்சம்தான். மூடின கையிலேதான் குத்தம்.”

மலைக்குக் கடிகாரம் வாங்க நினைக்கும் அன்பர்கள் யாவரும் அறிய வேண்டிய முதல் பாடம் இதுவே.

மீட்டர் கணக்கின் பொருள்

கடிகாரத்தின் பின்மூடியில் 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். 30 மீட்டர் என்றால் அத்தனை ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளல்ல. அசையாத நிலையில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள், அவ்வளவே. பத்து மீட்டர் ஆழம் என்பது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். கையை வீசி நீந்தும்போதும் அருவி நேரே அடிக்கும்போதும் நிலைமை வேறு.

நடைமுறையில், 30 மீட்டர் என்பது கை கழுவவும் தூறலுக்கும் போதும். 50 மீட்டர் என்றால் அடைமழையையும் ஓடை கடப்பதையும் தாங்கும். அருவியில் நிற்பவர்களும் ஆற்றில் நீந்துபவர்களும் 100 மீட்டருக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். கடலில் மூழ்குவோர் கடிகாரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனித் தரமே உண்டு. மலைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை.

எந்தக் கடிகாரமானாலும் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது. கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் ரப்பர் வளையத்துக்கு ஆகாது. பாட்டரி மாற்றும்போது வளையத்தையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பல ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்தைக் காப்பது அந்தச் சிறு வளையம்தான்.

அடி தாங்கும் கடிகாரம் பிறந்த கதை

ஜப்பானின் காசியோ நிறுவனத்தில் கிகுவோ இபே என்று ஒரு பொறியாளர். தந்தை பரிசளித்த கைக்கடிகாரம் கீழே விழுந்து சிதறியது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. விழுந்தாலும் உடையாத கடிகாரம் ஒன்றைச் செய்வதென்று துணிந்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் அழுத்தத்தில் நீர் புகக்கூடாது, பாட்டரி பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளை மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டு உடைத்தார். ஒருநாள் பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்து விளையாடுவதைக் கண்டார். பந்தின் நடுவில் இருக்கும் பொருளுக்கு அடி சேராதல்லவா? அவ்வாறே கடிகாரத்தின் இயந்திரத்தை உறைக்குள் மிதப்பது போல் பொருத்தினார். 1983-ல் முதல் ஜி-ஷாக் கடிகாரம் வெளிவந்தது.

அந்தப் பெயருக்கு மதிப்பிருப்பதால் போலிகளும் பெருகிவிட்டன. நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலிகள் பலவற்றில் டயலில் காணும் சிறு வட்டங்கள் வெறும் அச்சுப் படம்தான். வாங்குமுன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, அதற்குரிய வேலை நடக்கிறதா என்று பாருங்கள். கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டையும் ரசீதும் தராத இடத்தில் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

உயரமும் திசையும்

விலை கூடிய கடிகாரங்கள் உயரம், காற்றழுத்தம், திசை மூன்றையும் காட்டும். இவற்றுள் பல, காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. கடல் மட்டத்தை ஒட்டிய பகுதியில் எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் அளவு குறையும். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1013 மில்லிபாராக இருப்பது, மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாயில், அதாவது 1646 மீட்டர் உயரத்தில், சுமார் 830 ஆகிவிடும்.

ஆனால் நாம் ஏறாமலே அழுத்தம் மாறுவதும் உண்டு. நம் நாட்டில் தினமும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் கூடி, மாலை நாலு மணி வாக்கில் சுமார் மூன்று மில்லிபார் குறைவது இயற்கை. அதனால் ஒரே பாறையில் உட்கார்ந்திருப்பவரின் கடிகாரம் அவர் இருபத்தைந்து மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும்! உயரம் தெரிந்த இடத்தில் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வதே இதற்கு வழி. ரயிலில் போகிறவர்களுக்கு அது சுலபம். நிலையத்தின் பெயர்ப் பலகையிலேயே கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே! இறங்கியவுடன் அதைப் பார்த்துத் திருத்திக் கொள்ளலாம். தினசரி ஏற்ற இறக்கத்தையும் மீறி அழுத்தம் மளமளவென்று சரிந்தால் மட்டும், வானிலை கெடப் போகிறதென்று கொண்டு திரும்ப வேண்டும்.

திசைகாட்டியை ரயில் மேடையில் திருத்தாதீர்கள். தண்டவாளமும் இரும்புத் தூண்களும் மின்கம்பியும் அதைக் குழப்பிவிடும். வெட்டவெளிக்குப் போன பிறகே அதை நம்பலாம்.

முள் கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேரே காட்டி, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்று அறியும் உபாயத்தைச் சிலர் சொல்வார்கள். குளிர்நாட்டுக்கு அது பொருந்தும். மும்பையிலோ இந்தியப் பொது நேரத்தின்படி சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.39 மணிக்கு. அதைவிட முக்கியம், மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மழைக்கால மலையேற்றத்தில் இந்த உபாயத்தை நம்பினால் வழி தவறுவது நிச்சயம்.

ஜி.பி.எஸ். எல்லாருக்கும் தேவையா?

இக்கடிகாரங்களின் சமிக்ஞை செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அதற்கு மாதக் கட்டணமோ கைத்தொலைபேசிக் கோபுரமோ வேண்டியதில்லை. வந்த வழியைப் பதிவு செய்து திரும்பும் வழியைக் காட்டுவது பனிமூட்டத்தில் பேருதவி. ஆனால் இடைவிடாமல் ஓடினால் பாட்டரி விரைவில் கரையும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரத்தடியிலும் சற்றுத் தடுமாறும். இரவு தங்கிச் செல்லும் நெடும் பயணக்காரர்களுக்கு அது பயன்படும். மாதம் ஒருமுறை பலர் நடந்த பாதையில் போய் வருபவருக்கு அத்தனை பணம் முடக்கத் தேவையில்லை. நாடித் துடிப்பு காட்டும் வசதியும் ஏறத்தாழக் கணக்குத்தான். மார்பு வலித்தால் உடனே நின்று உதவி தேட வேண்டுமே தவிர, கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது.

அவசியமானவை ஐந்து

குறைந்த சம்பளக்காரர் ஐந்தே ஐந்தைப் பார்த்தால் போதும்: 50 அல்லது 100 மீட்டர் நீர்க்காப்பு, இருட்டில் படிக்க நல்ல விளக்கு, அலாரம், ஸ்டாப்வாட்ச், மாற்றக்கூடிய ரப்பர் அல்லது நைலான் வார். தோல் வார் மழையில் ஊறி நாறிவிடும். கறுப்புப் பின்னணியில் வெளுத்த எண்கள் கடையில் அழகாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் படிக்கச் சிரமம். வெளுத்த பின்னணியில் கறுப்பு எண்களே மேல்.

முள் கடிகாரமே வேண்டும் என்பவர்களுக்கும் குறையில்லை. 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூடுவதென 2016-ல் முடிவானது. 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து உலகெங்கும் போகிறது. அவற்றிலும் நீர்க்காப்பு எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அலாரத்தின் பயன் காலையில் எழுப்புவது மட்டுமல்ல. கடைசி வண்டியின் நேரத்திலிருந்து இறங்கும் நேரத்தையும், மேலே இரண்டு மணி அவகாசத்தையும் கழித்துவிடுங்கள். வருகிற நேரத்துக்கு அலாரம் வையுங்கள். அது ஒலித்தால் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஸ்டாப்வாட்சும் உயிர் காக்கும். மின்னலைக் கண்டதும் அழுத்துங்கள். இடி கேட்க மூன்று வினாடியானால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முப்பது வினாடிக்குள் கேட்டாலே மேட்டை விட்டு இறங்குவது நல்லது.

அந்தக் கிடங்கு இளைஞர் புதுக் கடிகாரம் வாங்கவில்லை. பெரியவர் புது வளையம் போட்டு, தண்ணீர்ச் சொம்பில் மூழ்க வைத்துப் பார்த்துக் கொடுத்தார். இந்த மழைக்காலத்திலும் அவர் கோட்டைக்குப் போய் வருகிறார். பிற்பகல் இரண்டு மணிக்கு அலாரம் ஒலிக்கிறது. “இன்னும் பத்து நிமிஷம்டா” என்று நண்பர்கள் கெஞ்சுவார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார். திங்கட்கிழமை காலை கிடங்கின் வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து தவறுவதில்லை.