பித்த அமில மருந்து: பயனும் எல்லையும்

நாட்டின் மருத்துவத் துறையில் ஐதராபாத் நகரம் இரு வகையில் சிறப்பிடம் பெற்றுள்ளது. மருந்துகளுக்கான மூலப்பொருள்களைத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் அந்நகரைச் சுற்றிப் பெருமளவில் அமைந்துள்ளன. வயிறு, குடல், கல்லீரல் ஆகிய உறுப்புகளின் நோய்களுக்குச் சிகிச்சை பெறப் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். இத்தகைய நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் பெயர்களுள் ஒன்று உர்சோடியாக்சிகோலிக் அமிலம். பித்தப்பைக் கல்லுக்கும் சில கல்லீரல் நோய்களுக்கும் இம்மருந்து வழங்கப்படுகிறது. முன்னதில் அது சிலருக்கே பயன்படுகிறது. பின்னதில் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு அது முதன்மையான மருந்தாக விளங்குகிறது. இவ்வேறுபாட்டை அறியாவிடில் குடும்பத்தின் பணமும் நோயாளியின் காலமும் வீணாகும்.

பித்தநீரும் அதன் பணியும்

கல்லீரல் நாள்தோறும் முக்கால் லிட்டர் அளவில் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் சேர்ந்து செறிவடைகிறது. உணவு உண்டபின் பித்தப்பை சுருங்கி, அந்நீரைக் குடலுக்குள் செலுத்துகிறது. பித்தநீரில் உள்ள பித்த அமிலங்கள் உணவிலுள்ள கொழுப்பைச் சிறு துளிகளாக்கிச் செரிக்க உதவுகின்றன. பின்னர் அவற்றுள் பெரும்பகுதி குடலால் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலையே அடைகிறது.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருளும் கலந்துள்ளது. நீரில் கரையாத இப்பொருளைக் கரைந்த நிலையில் வைத்திருப்பவை பித்த அமிலங்களே. கொலஸ்ட்ரால் மிகுந்தாலோ, அமிலங்கள் குறைந்தாலோ, பித்தப்பை சரிவரச் சுருங்காவிட்டாலோ, கொலஸ்ட்ரால் படிகமாகிக் கல்லாகிறது.

கற்கள் ஒரே வகையின அல்ல

எல்லாப் பித்தக் கற்களும் கொலஸ்ட்ராலால் ஆனவை அல்ல. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. அது சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து நிறமிக் கற்களாகவும் மாறும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைதல், கல்லீரல் சுருக்கநோய், பித்தநாளத்தில் கிருமித் தொற்று ஆகியவை இவ்வகைக் கற்களுக்கு வழிவகுக்கின்றன.

நம் நாட்டில் இவ்வேறுபாடு புவியியல் சார்ந்ததாகவும் இருந்து வந்துள்ளது. இரயில்வேத் தொழிலாளரிடையே மல்ஹோத்ரா என்னும் மருத்துவர் நடத்தி 1968இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் பித்தக் கல் சுமார் ஏழு மடங்கு மிகுதி எனக் காட்டியது. வடக்கே எடுக்கப்படும் கற்களில் கொலஸ்ட்ரால் மேலோங்கியிருப்பதும், தெற்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகக் காணப்படுவதும் பல மருத்துவமனைகளின் அனுபவம். உணவுப் பழக்கங்கள் மாறிவரும் இக்காலத்தில் தெற்கிலும் கொலஸ்ட்ரால் கற்கள் காணப்படுகின்றன. எனினும், கல்லின் தன்மையை ஆராயாமல் மருந்து வழங்குவது எங்கும் பொருந்தாது. தென்மாநிலங்களில் அது மேலும் பொருந்தாது. பித்த அமில மருந்து கொலஸ்ட்ரால் கல்லை மட்டுமே கரைக்கும். நிறமிக் கல்லையும் சுண்ணாம்பு படிந்த கல்லையும் கரைக்காது.

மருந்தின் வரலாறு

கரடியின் பித்தம் கீழை நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1927இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் ஷோடா என்னும் அறிஞர் கரடிப் பித்தத்திலிருந்து இவ்வமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இலத்தீன் மொழியில் கரடியைக் குறிக்கும் சொல்லே இதன் பெயரின் முற்பகுதியாயிற்று. மனிதனின் பித்தநீரிலும் இவ்வமிலம் இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் உள்ளது.

1972இல் அமெரிக்க மருத்துவர்கள் கீனோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மற்றொரு பித்த அமிலத்தைக் கொடுத்துக் கற்களைக் கரைக்க இயலும் எனக் காட்டினர். ஆயின் 1981இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அம்மருந்தை இரண்டாண்டுகள் உயர்ந்த அளவில் உட்கொண்டவர்களுள் நூற்றுக்குப் பதினால்வருக்கே கற்கள் முழுமையாகக் கரைந்தன. வயிற்றுப்போக்கும் கல்லீரல் பாதிப்பும் அம்மருந்தின் குறைகளாக இருந்தன. 1975இல் ஜப்பானிய மருத்துவர்கள் உர்சோடியாக்சிகோலிக் அமிலமும் கல்லைக் கரைக்கும் என அறிவித்தனர். பக்கவிளைவுகள் குறைந்திருந்தமையால் அது முந்தைய மருந்தின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்க அரசு 1987இல் பித்தக் கல்லுக்கு இதனை அனுமதித்தது.

கல்லைக் கரைக்கும் கணக்கு

இம்மருந்தால் கல் கரைய வேண்டுமாயின் பல நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். கல் கொலஸ்ட்ராலால் ஆனதாகவும், பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாகவும் இருத்தல் வேண்டும். சுண்ணாம்பு படிந்திருத்தல் கூடாது. பித்தப்பை நன்கு சுருங்கி விரிய வேண்டும். அதன் நாளம் அடைபட்டிருத்தல் கூடாது. ஸ்கேன் என வழங்கும் மீயொலிச் சோதனை கல் இருப்பதைக் காட்டுமேயன்றி, அது எப்பொருளால் ஆனது என்பதை உறுதியாகக் காட்டாது. சுண்ணாம்பு மிகுந்த கற்கள் எக்ஸ்ரே படத்தில் தெரியும். ஆயினும் படத்தில் தெரியாத கற்கள் அனைத்தும் கொலஸ்ட்ரால் கற்கள் எனக் கொள்வதற்கில்லை. நிறமிக் கற்களுள் ஒரு பகுதியும் படத்தில் தெரிவதில்லை.

கல்லுக்கான வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரைகள் நாளுக்கு இரண்டு தேவை. ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிகிச்சை நீளும். இரண்டாண்டுகளில் 1,460 மாத்திரைகள் செலவாகும். இவ்வளவும் செய்து கல் கரைந்த பின்னரும், ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் உண்டாகிறது. கல்லை உண்டாக்கிய பித்தப்பை அங்கேயே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

இதற்கிடையில் அறுவைச் சிகிச்சையும் எளிதாயிற்று. சிறு துளைகளின் வழியே பித்தப்பையை அகற்றும் லேப்பராஸ்கோப்பி முறையை டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நம் நாட்டில் அறிமுகப்படுத்தினார். பித்தநாளத்திற்குள் இறங்கிவிட்ட கற்களை, வாய்வழியே செலுத்தப்படும் எண்டாஸ்கோப்புக் கருவியால் எடுக்கும் முறையும் பரவியது. டாக்டர் து. நாகேஸ்வர ரெட்டி ஐதராபாத்தில் நிறுவிய ஆசிய இரைப்பைக் குடல் மருத்துவ நிறுவனம் இத்துறையில் உலகப் புகழ் பெற்றுள்ளது. ஆகவே, வலி கொடுக்கும் கல்லுக்கு இன்று பெரும்பாலும் அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது. அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கும், விரும்பாதவர்களுக்கும், கல்லின் தன்மை பொருந்தினால் மட்டுமே மருந்து மாற்று வழியாகிறது.

வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் மருந்தும் வேண்டியதில்லை; அறுவையும் வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காகச் செய்த ஸ்கேனில் தற்செயலாகக் காணப்படும் கற்களுள் பல வாழ்நாள் முழுதும் தொல்லை தருவதில்லை. அதற்கு மாறாக, எடை குறைப்பு அறுவைக்குப்பின் உடல் விரைவாக மெலியும்போது கல் தோன்றாமல் தடுக்க இம்மருந்து சில மாதங்களுக்குக் கொடுக்கப்படுவது பயன் தருகிறது.

கல்லீரல் நோயில் அதன் இடம்

கல்லைக் கரைக்க இம்மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்குக் கல்லீரல் சோதனை அளவுகளும் சீரடைந்ததை 1980களில் ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்தனர். அதன் தொடர்ச்சியாகவே முதன்மைப் பித்தநாள அழற்சி என்னும் நோய்க்கு இம்மருந்து வந்து சேர்ந்தது. உடலின் தற்காப்பு ஆற்றல் கல்லீரலினுள் உள்ள நுண்ணிய பித்தநாளங்களையே தாக்கி அழிக்கும் நோய் அது. நடுவயதுப் பெண்களையே பெரிதும் பாதிக்கிறது. தீராத அரிப்பும் களைப்பும் அதன் தொடக்க அறிகுறிகள். தேங்கிய பித்த அமிலங்கள் கல்லீரல் செல்களை அரித்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரல் சுருக்கநோயில் கொண்டு விடுகின்றன.

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் தீங்கு செய்யும் அமிலங்களின் விகிதத்தைக் குறைத்து, பித்த ஓட்டத்தைப் பெருக்கி, செல்களைக் காக்கிறது. கிலோகிராமுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் உட்கொண்டால் நோயின் வேகம் தணிகிறது என 1991இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 1997இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கும் இம்மருந்தை அனுமதித்தது. நோயாளிகளுள் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேருக்கு இம்மருந்து மட்டும் போதுவதில்லை. அவர்களுக்கு வேறு மருந்துகளும் தேவைப்படுகின்றன.

இவ்வெற்றி வேறு நோய்களுக்கும் அதனைத் தாராளமாக எழுதும் வழக்கத்தை வளர்த்துள்ளது. பித்தநாளங்களைத் தழும்பாக்கிக் குறுக்கும் மற்றொரு நோயில் மிக உயர்ந்த அளவு கொடுத்த ஆய்வு, நன்மையைவிடத் தீமையே மிகுதி என 2009இல் காட்டியது. கருவுற்ற பெண்களுக்குப் பித்தத் தேக்கத்தால் வரும் அரிப்பில் இம்மருந்து கொடுக்கப்படுவது வழக்கம். ஆயினும் 2019இல் வெளியான பிரிட்டானிய ஆய்வில், குழந்தைக்கு நேரும் இடர்களை அது குறைக்கவில்லை. கொழுப்புக் கல்லீரல் நோயில் அது நோயைப் போக்குவதாக நிறுவப்படவில்லை. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் எடைக் குறைப்புமே அங்கு முதல் சிகிச்சை. பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளை அது அழிப்பதில்லை. அவற்றுக்குரிய மருந்துகள் 2018இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லீரலுக்கு ஒரு டானிக் என்ற எண்ணத்தில் இம்மருந்தை உட்கொள்வது உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

உற்பத்தியும் விலையும்

இன்று இம்மருந்துக்குக் கரடி தேவையில்லை. இறைச்சிக் கூடங்களில் கிடைக்கும் மாட்டுப் பித்தத்திலிருந்து கோலிக் அமிலம் பிரிக்கப்பட்டு, பல வேதியியல் படிகளால் உர்சோடியாக்சிகோலிக் அமிலமாக மாற்றப்படுகிறது. வீணாகக் கழியக்கூடிய பொருளே மருந்துக்கு மூலப்பொருளாகிறது.

இத்தகைய வேதியியல் திறன் நம் நாட்டில் வேரூன்றியதில் ஐதராபாத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1961இல் நிறுவப்பட்ட இந்திய மருந்துகள் நிறுவனம் என்னும் பொதுத்துறை நிறுவனம், சோவியத் உதவியுடன் ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலையையும், ஐதராபாத்தில் செயற்கை மருந்து ஆலையையும், சென்னையில் அறுவைக் கருவித் தொழிற்சாலையையும் அமைத்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துகளில் தயாரிப்பு முறைக்கு மட்டும் உரிமை வழங்கியதால், புதிய முறைகளைக் கண்டு குறைந்த விலையில் உற்பத்தி செய்ய வழி பிறந்தது. அப்பொதுத்துறை நிறுவனம் பின்னர் நலிவுற்றபோதிலும், அங்குப் பயின்ற வேதியியலார் பலர் தனியார் தொழிலைக் கட்டியெழுப்பினர். அங்குப் பணியாற்றிய கல்லம் அஞ்சி ரெட்டி 1984இல் தம் பெயரிலான ஆய்வகத்தைத் தொடங்கியது அறியத்தக்கது. பொருளுக்கே காப்புரிமை வழங்கும் திருத்தம் 2005இல் வந்தது. பழைய மருந்தாகிய உர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை அது கட்டுப்படுத்துவதில்லை.

எனினும் நோயாளியின் சுமை முற்றிலும் நீங்கிவிடவில்லை. பித்தநாள அழற்சி உள்ள 60 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்று வேண்டும், ஓராண்டுக்கு 1,095, அதுவும் வாழ்நாள் முழுதும். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டமும், 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியவை. கல்லை அகற்றும் அறுவைக்குக் காப்பீடு துணை நிற்கிறது. அவ்வறுவை ஒருமுறை செய்து முடிவது. ஆயுள் முழுதும் வீட்டிலிருந்தே மாத்திரை உண்ண வேண்டியவரோ தம் கைப்பணத்தையே நம்பியிருக்க நேர்கிறது. மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் முன்னேறும். இறுதியில் கல்லீரல் மாற்று அறுவையே வழியாகும். அதன் செலவுக்கு முன் மாத்திரையின் செலவு மிகச் சிறிது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, கல்லின் தன்மையும் பித்தப்பையின் நிலையும் அறியப்படாமல் கல்லைக் கரைக்கும் மருந்து நீண்டகாலம் எழுதப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஸ்கேனில் கல் சுருங்கிய அறிகுறி இல்லையெனில் மருந்தை நிறுத்துவதே முறை. இரண்டாவதாக, அறுவையில் அகற்றப்படும் கற்களை ஆராய்ந்து பதிவு செய்வது மாவட்ட மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். குன்னூரில் 1918இல் தோன்றி 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போன்ற அமைப்புகள் உணவுக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பை ஆராய அப்பதிவுகள் துணைபுரியும். மூன்றாவதாக, வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படும் கல்லீரல் நோயாளிகளுக்கு மக்கள் மருந்தகங்கள் வாயிலாகவும் அரசு மருத்துவமனைகள் வாயிலாகவும் அது தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

தேவையற்றவருக்கு எழுதப்படும் மாத்திரையைக் குறைத்தால், தேவையுள்ளவருக்கு அதனை வழங்க வழி பிறக்கும். மருந்துத் தொழிலில் நாடு பெற்ற வளர்ச்சியின் பயன் அப்போதுதான் நோயாளியின் இல்லத்தைச் சென்றடையும்.